கார்ப்பென்டர்ஸா, பிரெட்டா, அமெரிக்காவா, ஏர் சப்ளையா? பழைய சாஃப்ட் ராக் பாடல்களுக்குத் திரும்புகிறவர்கள் எங்கே தொடங்குவது

அப்பாவுக்கு அறுபத்தைந்தாம் பிறந்த நாள் வருகிறது, கல்லூரி விடுதியில் அவர் கேட்ட ஆங்கிலப் பாடல்களில் எதை வாங்கித் தரலாம் என்று ஒருவர் கேட்கிறார். இன்னொருவருக்கு இருபத்தைந்து வயது. எழுபதுகளின் மெல்லிசை ராக்கைக் கேட்டுப் பார்க்க ஆசை, ஆனால் எந்தக் குழுவின் பெயரைத் தேடினாலும் ‘சிறந்த பாடல்கள்’ என்று பத்துப் பதினைந்து தொகுப்புகள் வந்து நிற்கின்றன. மூன்றாமவர் அந்தக் காலத்துக்காரர். அவருடைய கேசட் அறுந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது செல்பேசியில் கேட்டுவிட்டு, “அதே பாட்டுதான், ஆனால் அது இல்லை” என்கிறார்.

மூன்றாமவர் சொன்னதை நான் நன்றாக அறிவேன். எங்கள் வீட்டில் அண்ணன் பாட்டுப் பதிவுக் கடையில் கொடுத்துப் பதிந்து வாங்கிய தொண்ணூறு நிமிடக் கேசட் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் கார்ப்பென்டர்ஸ், மறுபக்கம் பிரெட்டும் இன்னும் சிலரும். அதில் ‘சூப்பர்ஸ்டார்’ முடிந்ததும் இடைவெளியே இல்லாமல் ‘ரெய்னி டேஸ் அண்ட் மண்டேஸ்’ வந்து சேர்ந்துகொள்ளும். பாட்டே அப்படித்தான் என்று நினைத்து வளர்ந்தேன். பல ஆண்டுகள் கழித்து அந்தப் பாடல் இடம்பெற்ற தனி ஆல்பத்தை வாங்கிக் கேட்டபோது, ‘சூப்பர்ஸ்டார்’ முடிந்த இடத்தில் அமைதி. ஏதோ ஒன்றை யாரோ பிடுங்கிக்கொண்டதைப் போல இருந்தது. கடைக்காரர் பதிந்து கொடுத்தது 1973 இல் வந்த ‘தி சிங்கிள்ஸ் 1969–1973’ தொகுப்பிலிருந்து என்பதும், அதில் சில பாடல்களை ஒன்றோடொன்று இசையால் கோத்திருக்கிறார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

ஆகவே தலைப்பிலுள்ள நான்கு குழுக்களில் எது என்ற கேள்வியோடு எந்தப் பதிப்பு என்ற கேள்வியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டாவதைக் கேட்காமல் வாங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் குரல். இந்த வகை இசையில் தாளமும் கிட்டாரும் பின்னால் நிற்கும், குரல்தான் முன்னால் வரும். குரல் பிடிக்காவிட்டால் மற்ற எதுவும் உதவாது.

இரண்டாவது, சொல் காதில் விழுகிறதா என்பது. ஆங்கிலத்தைப் பள்ளியில் படித்துப் பழகிய நம் காதுக்கு இது சிறிய விஷயம் அல்ல. பாடகர் சொல்லை விழுங்கினால் பாட்டில் பாதி போய்விடுகிறது.

மூன்றாவது, புகழ்பெற்ற பத்துப் பாடல்களைத் தாண்டினால் கேட்க என்ன இருக்கிறது? சில குழுக்களுக்கு ஒரு தொகுப்பு போதும். சில குழுக்களைத் தொகுப்போடு நிறுத்தினால் பெரிய இழப்பு.

நான்காவது, பதிப்புக் குழப்பம். பழைய ஒலிநாடாவிலுள்ள குரலையும் கருவிகளையும் புதிதாகக் கலந்து தருவது மறுகலவை. அதே பாட்டை மறுபடி பாடித் தருவது மறுபதிவு. இரண்டும் உறையில் பழைய பெயரோடுதான் வரும்.

ஐந்தாவது, நேரில் கேட்க வழி உண்டா என்பது. எல்லோருக்கும் இது முக்கியமில்லை. முக்கியமானவர்களுக்கு இது ஒன்றே போதும்.

| | கார்ப்பென்டர்ஸ் | பிரெட் | அமெரிக்கா | ஏர் சப்ளை |
|---|---|---|---|---|
| முதன்மைக் குரல் | கேரன், தாழ்ந்த பெண் குரல் | டேவிட் கேட்ஸ், மென்மையான உயர்குரல் | மூவர் மாறி மாறி | ரசல் ஹிட்ச்காக், உச்சக் குரல் |
| சொல் தெளிவு | மிக நன்று | மிக நன்று | காதில் விழும், பொருள் நழுவும் | நன்று |
| ஆல்பங்களின் ஆழம் | 1970–73 வரை வலிமை | எதிர்பார்ப்பதைவிட அதிகம் | நன்று | குறைவு |
| பதிப்புக் குழப்பம் | மிக அதிகம் | குறைவு, ஆனால் விடுபடல் உண்டு | ஓரளவு | மறுபதிவுகளைக் கவனிக்க வேண்டும் |
| தொடங்க ஏற்றது | ‘எ சாங் ஃபார் யூ’ (1972) | ‘தி பெஸ்ட் ஆஃப் பிரெட்’ (1973) | ‘ஹிஸ்டரி’ (1975) | ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ (1983) |

## கார்ப்பென்டர்ஸ்

ரிச்சர்டு, கேரன் என்ற அண்ணன் தங்கை. கனெக்டிகட்டின் நியூ ஹேவனில் பிறந்து, 1963 இல் குடும்பத்தோடு கலிபோர்னியாவின் டவுனி நகருக்கு வந்தவர்கள். 1969 இல் ஏ அண்ட் எம் இசைத்தட்டு நிறுவனத்தில் அதன் நிறுவனர்களில் ஒருவரான ஹெர்ப் ஆல்பர்ட் அவர்களைச் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டே பர்ட் பகாரக் இசையமைத்த ‘குளோஸ் டு யூ’ அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது.

கேரன் முதலில் டிரம்ஸ் வாசிப்பவராகவே தன்னை நினைத்தார், பாட்டு பிறகு வந்தது. அவருடைய குரலின் அழகு கீழ்ச்சுரங்களில் இருக்கிறது. மேலே ஏறிக் கத்துவதற்குப் பதிலாகக் கீழே இறங்கி நம் காதருகே வந்து பேசுவார். ‘சூப்பர்ஸ்டார்’ பாட்டின் முதல் வரியைக் கேளுங்கள். இருட்டில் ஒருவர் உட்கார்ந்து மெதுவாகச் சொல்வதைப் போல இருக்கும். பின்னணியில் கேட்கும் பெரிய கோரஸ் பெரும்பாலும் இந்த இருவரின் குரல்களே, திரும்பத் திரும்பப் பதிந்து அடுக்கப்பட்டவை. எழுபதுகளின் பல தடப் பதிவுக் கருவி இல்லாமல் இந்த ஒலி பிறந்திருக்காது.

இவர்களை வெறும் இனிப்பு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் ‘குட்பை டு லவ்’ (1972) கேட்க வேண்டும். மென்மையாகப் போய்க்கொண்டிருக்கும் பாட்டின் நடுவில் டோனி பெலூசோவின் கிட்டார் கரகரத்துக்கொண்டு பாய்ந்து வரும். அந்தக் காலத்து ரசிகர்கள் சிலர் கோபப்பட்டுக் கடிதம் எழுதினார்கள். இன்று அந்தக் கிட்டாருக்காகவே அந்தப் பாட்டை நான் கேட்கிறேன்.

நினைவேக்கத்தோடு கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1973 இல் வந்த ‘நௌ அண்ட் தென்’ ஆல்பத்தின் இரண்டாம் பக்கம், ‘எஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ பாட்டில் தொடங்கி அறுபதுகளின் பழைய பாட்டுகளைக் கோத்து, வானொலி நிகழ்ச்சி போலவே அமைந்தது. பழைய வானொலிப் பாட்டுகளுக்காக ஏங்கும் அந்தப் பாட்டைப் பதியும்போது கேரனுக்கு இருபத்து மூன்று வயது. நாம் அறுபதில் கண் கலங்கிக் கேட்பது, இருபத்து மூன்று வயதுப் பெண் தன் பத்து வயதுக்காக ஏங்கியதை. இதை அறிந்த பிறகு அந்தப் பாட்டு எனக்கு வேறாகிவிட்டது.

இனி மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது, ரிச்சர்டு தன் பாடல்களை விடாமல் திருத்திக்கொண்டிருந்தவர். குறுந்தகடு வந்த காலத்தில் பல பாடல்களை மறுகலவை செய்தார். அதனால் ஒரே பாட்டுக்குப் பல வடிவங்கள் உலவுகின்றன. ‘டாப் ஆஃப் தி வேர்ல்டு’ பாட்டுக்கு 1972 ஆல்பத்தில் ஒரு வடிவம், 1973 இல் முதலிடம் பிடித்த தனிப்பாட்டில் (சிங்கிள்) கேரன் மறுபடி பாடிய வடிவம். 2018 இல் வந்த ராயல் பில்ஹார்மோனிக் ஆல்பத்தில் கேரனின் பழைய குரலோடு புதிய ஆர்கெஸ்ட்ரா சேர்ந்திருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நினைவைத் தேடி வருகிறவர் அதில் தொடங்கக் கூடாது.

இரண்டாவது செலவு மனத்துக்கு. கேரன் 1983 பிப்ரவரி 4 அன்று, முப்பத்திரண்டு வயதில், உணவை மறுக்கும் நோயான அனோரெக்ஸியா நெர்வோசாவின் விளைவால் இதயம் நின்று இறந்தார். அது தெரிந்த பிறகு தனிமையைப் பற்றிய அவருடைய பாட்டு எதையும் இலேசாகக் கேட்க முடிவதில்லை. மனம் தளர்ந்திருக்கும் ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்கும்போது இதை எண்ணிப் பாருங்கள்.

## பிரெட்

1968 இல் லாஸ் ஏஞ்சலிஸில் டேவிட் கேட்ஸ், ஜேம்ஸ் கிரிஃபின், ராப் ராயர் மூவரும் தொடங்கிய குழு. 1970 இல் ‘மேக் இட் வித் யூ’ முதலிடம் பிடித்தது. ‘இஃப்’, ‘பேபி ஐம் எ வான்ட் யூ’, ‘தி கிட்டார் மேன்’ என்று அடுத்தடுத்து வந்தன.

கேட்ஸ் ஓக்லஹோமாவின் துல்சாக்காரர். குரலை உயர்த்தாமலே உயரத்தில் பாடத் தெரிந்தவர். சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும், வாக்கியங்களும் எளியவை. ஆங்கிலப் பாட்டு தனக்குப் புரியாது என்று தயங்குகிற யாருக்கும் நான் முதலில் கொடுப்பது பிரெட் பாட்டைத்தான். கிட்டார் கற்கும் பிள்ளைகளுக்கும் அதையே சொல்வேன்.

‘எவ்ரிதிங் ஐ ஓன்’ (1972) காதலியைப் பிரிந்தவனின் பாட்டு என்றே பலரும் நினைக்கிறார்கள். அண்ணனும் அப்படித்தான் எனக்குச் சொல்லியிருந்தான். கேட்ஸ் அதை எழுதியது இறந்துபோன தன் தந்தையை நினைத்து. அதை அறிந்துகொண்டு மறுபடி கேட்டால் சொற்கள் மாறாமலே பொருள் முழுக்க மாறுகிறது. என் தந்தை இறந்த ஆண்டில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. 1974 இல் ஜமைக்காவின் கென் பூத் அதை ரெகே இசையில் பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவு இங்கே வேறு வகை. பட்டியலேறிய தனிப்பாட்டுகள் எல்லாம் கேட்ஸ் எழுதிப் பாடியவை. கிரிஃபின் எழுதியவை ஆல்பங்களுக்குள்ளேயே தங்கிவிட்டன. 1973 இல் குழு பிரிந்ததற்கு இந்த மனத்தாங்கலும் ஒரு காரணம். ஆகவே வெற்றிப் பாட்டுகளை மட்டும் வரிசையாகக் கேட்டால் ஒரே நிறத்தில் பத்துச் சட்டை அணிந்ததைப் போல ஆகிவிடும். கிரிஃபினின் பாட்டில் ராக் சற்றுத் தூக்கலாக இருக்கும், அது நடுவில் வந்தால்தான் கேட்ஸின் மென்மை மறுபடி இனிக்கும். ‘தி பெஸ்ட் ஆஃப் பிரெட்’ (1973) இந்த விஷயத்தில் நல்ல தொகுப்பு, அவருக்கும் இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் அதில் ‘தி கிட்டார் மேன்’ இல்லை. அந்தப் பாட்டுக்காகவே வாங்குகிறவர் ஏமாந்துபோவார்.

கிரிஃபினும் ராயரும் புனைபெயர்களில் சொல் எழுதிய ‘ஃபார் ஆல் வீ நோ’ 1970 ஆம் ஆண்டுக்கான சிறந்த திரைப்பாட்டு ஆஸ்கர் பெற்றது. அதை உலகமெங்கும் கொண்டுபோனது கார்ப்பென்டர்ஸ். 1971 இல் ராயருக்குப் பதிலாகப் பிரெட்டில் சேர்ந்த லாரி நெக்டல், சைமன் அண்ட் கார்ஃபங்கலின் ‘பிரிட்ஜ் ஓவர் டிரபிள்டு வாட்டர்’ பாட்டின் பியானோவை வாசித்தவர். அவரோடு லாஸ் ஏஞ்சலிஸ் ஸ்டுடியோக்களில் வேலை செய்த டிரம்ஸ் கலைஞர் ஹால் பிளேன், பாஸ் கிட்டார் கலைஞர் ஜோ ஆஸ்பர்ன் இருவரும் கார்ப்பென்டர்ஸ் பதிவுகளிலும் வாசித்தார்கள். எங்கள் கேசட்டின் இரண்டு பக்கமும் ஒரே வீட்டு வாசனையோடு இருந்ததற்கு இதுதான் காரணம் என்று இப்போது புரிகிறது.

நேரில் கேட்கும் வாய்ப்பு முடிந்துவிட்டது. கிரிஃபினும் டிரம்ஸ் வாசித்த மைக் பாட்ஸும் 2005 இலும், நெக்டல் 2009 இலும் காலமானார்கள்.

## அமெரிக்கா

பெயர் அமெரிக்கா, பிறந்த இடம் லண்டன். அங்கே பணியிலிருந்த அமெரிக்க விமானப் படையினரின் பிள்ளைகளான டூயி பன்னெல், ஜெரி பெக்லி, டேன் பீக் மூவரும் 1970 இல் சேர்ந்தார்கள். ‘எ ஹார்ஸ் வித் நோ நேம்’ என்ற பாலைவனப் பாட்டை பன்னெல் எழுதியது இங்கிலாந்தின் மழைக்கு நடுவில், சிறுவயதில் பார்த்த வெயிலை நினைத்து. 1972 இல் அது முதலிடம் ஏறியபோது கீழே இறங்கியது கனடியப் பாடகர் நீல் யங்கின் ‘ஹார்ட் ஆஃப் கோல்டு’. வேடிக்கை என்னவென்றால், பன்னெலின் குரலைக் கேட்டுப் பலர் அது நீல் யங் பாட்டு என்றே எண்ணியிருந்தார்கள்.

மூவரும் எழுதினார்கள், மூவரும் பாடினார்கள், அதனால் ஆல்பத்துக்குள் சலிப்பு வராது. 1974 இல் ‘ஹாலிடே’ ஆல்பத்திலிருந்து பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இவர்களோடு சேர்ந்தார். ‘சிஸ்டர் கோல்டன் ஹேர்’ (1975) அந்தக் கூட்டில் பிறந்தது.

குறை சொல்ல வேண்டுமானால் பாட்டின் பொருள். சொல் கேட்கும், அது எதைச் சொல்கிறது என்று பிடிபடாது. ‘டின் மேன்’ பாட்டை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அப்படித்தான். பொருளைத் தேடிக் கேட்கிறவருக்கு இது தொல்லை. நெடுஞ்சாலையில் ஓடும் காரில் ஜன்னலைத் திறந்துவைத்துக் கேட்கிறவருக்கு இதைவிட ஏற்றது கிடையாது, ‘வென்டுரா ஹைவே’ அதற்கென்றே செய்ததைப் போல இருக்கும்.

பதிப்பில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ‘ஹிஸ்டரி’ தொகுப்புக்காகத் தொடக்க காலப் பாட்டுகளை ஜார்ஜ் மார்ட்டின் மறுகலவை செய்தார். தொகுப்பில் கேட்டு வளர்ந்தவருக்கு முதல் ஆல்பம் மெலிந்து தோன்றும், ஆல்பத்தில் கேட்டு வளர்ந்தவருக்குத் தொகுப்பு கனத்துத் தோன்றும்.

## ஏர் சப்ளை

இந்தக் குழுவை உயிராக நேசிப்பவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள், இருந்தாலும் நினைப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏர் சப்ளைக்கு ஒரு தொகுப்பு போதும்.

ஆஸ்திரேலியரான ரசல் ஹிட்ச்காக்கும் ஆங்கிலேயரான கிரஹாம் ரசலும் 1975 இல் சிட்னியில் ஒரு மேடை இசை நாடகத்தில் சந்தித்தவர்கள். 1980 இல் ‘லாஸ்ட் இன் லவ்’, ‘ஆல் அவுட் ஆஃப் லவ்’, 1981 இல் முதலிடம் பிடித்த ‘தி ஒன் தட் யூ லவ்’. மென்மையாகத் தொடங்கி, கோரஸில் ஹிட்ச்காக்கின் குரல் வானத்துக்கு ஏறும். ஒரு பாட்டில் அது சிலிர்க்க வைக்கும். ஐந்து பாட்டு தொடர்ந்து கேட்டால் அந்த ஏற்றம் எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. ஜிம் ஸ்டைன்மன் எழுதிய ‘மேக்கிங் லவ் அவுட் ஆஃப் நத்திங் அட் ஆல்’ (1983) மட்டும் விதிவிலக்கு, ஒரு சிறு நாடகம் பார்த்த நிறைவைத் தரும்.

ஆனால் மற்ற மூவரிடமும் இல்லாத ஒன்று இவர்களிடம் இருக்கிறது. சந்தித்து ஐம்பது ஆண்டுகள் கடந்தும் இதே இருவர் மேடையேறுகிறார்கள். நேரில் கேட்பதுதான் ஆசை என்றால் பணத்தை இசைத்தட்டில் போடாமல் டிக்கெட்டில் போடுங்கள். தட்டு வாங்குகிறவர்கள் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள், பழைய பாட்டுகளைப் பிற்காலத்தில் கிட்டார் அளவில் மறுபடி பாடிய ஆல்பமும் இருக்கிறது.

## எல்.பி.யா, சி.டி.யா, செயலியா

எல்.பி. வாங்கினால் அந்தக் காலத்து ஒலிக்கலவை அப்படியே கிடைக்கும், பழைய அச்சாக இருந்தால். ஆனால் தட்டோடு செலவு நிற்பதில்லை. இயக்கும் கருவி, ஊசி, ஒலிபெருக்கி என்று நீளும். வீட்டில் ஏற்கெனவே கருவி இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

செயலியில் மாதக் கட்டணம் குறைவு, நான்கு குழுவையும் ஒரே நாளில் சுவைத்துப் பார்க்கலாம். புதிதாக வருகிறவருக்கு நான் சொல்வது இதுதான். ஆனால் பாட்டின் பெயரைத் தட்டினால் எந்தப் பதிப்பு ஒலிக்கும் என்பது நம் கையில் இல்லை. பாட்டைத் தேடாமல் ஆல்பத்தின் பெயரையும் ஆண்டையும் தேடிப் போங்கள்.

சி.டி. இப்போது மலிவு. அதில்தான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். நான்கைந்து குழுக்களின் வெற்றிப் பாட்டுகள் என்று அச்சிட்ட தட்டு ஒன்றை ஒரு கடையில் வாங்கினேன். வீட்டில் போட்டால் பாதிப் பாட்டு பிற்கால மறுபதிவு. உறையின் பின்பக்கம், மிகச் சிறிய எழுத்தில், அதைச் சொல்லியும் இருந்தார்கள். அன்றிலிருந்து உறையைத் திருப்பிப் படிக்காமல் எதையும் வாங்குவதில்லை.

## யாருக்கு எதைச் சொல்வேன்

அந்த இருபத்தைந்து வயதுக்காரருக்கு: கார்ப்பென்டர்ஸின் ‘எ சாங் ஃபார் யூ’. தொகுப்பு வேண்டாம், முழு ஆல்பத்தை வரிசை மாற்றாமல் ஒருமுறை கேளுங்கள். ‘குட்பை டு லவ்’ அதில்தான் இருக்கிறது. குரல் கனமாகத் தோன்றினால் அடுத்து அமெரிக்காவின் ‘ஹிஸ்டரி’.

ஆங்கிலச் சொல் புரிய வேண்டும், கூடவே பாட வேண்டும் என்கிறவருக்கு பிரெட். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கேசட் அறுந்தவருக்கும், அப்பாவுக்குப் பரிசு தேடுகிறவருக்கும் ஒரே பதில். தரத்தைப் பார்க்காதீர்கள், அவர்கள் கேட்ட பதிப்பைத் தேடுங்கள். மறுகலவை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அவர்கள் காதில் இருப்பது வேறு. எந்தத் தொகுப்பு என்று அவர்களிடம் கேட்டால் பெயர் சொல்லத் தெரியாது, பதிவுக் கடைக் கேசட்டில் பெயர் எங்கே இருந்தது? அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அப்பா வீட்டில் இருக்கும்போது செயலியில் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, பாட்டு முடிகிற கடைசி நொடிகளில் அவரைக் கவனியுங்கள். அடுத்த பாட்டு தொடங்கும் முன்பே அவர் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுப்பார். அவருடைய கேசட்டில் அடுத்து வந்த பாட்டு அது. அந்த இரண்டு பாட்டும் அதே வரிசையில் வரும் தொகுப்பைத் தேடி வாங்குங்கள்.